பிரித்தெடுக்கும் வித்தை

1961-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜினீவா நகரத்து ஓ வீவ் பூங்காவில் பத்திரிகையாளர் முன்னிலையில் அறிமுகமான ஜாக்குவார் ஈ-டைப் வண்டியின் சௌந்தரியத்தைப் புகழாதவர் இல்லை. அதைப் பார்க்கவும் ஏறிப் பார்க்கவும் திரண்ட கூட்டத்துக்கு ஒரு வண்டி போதாமல், கோவென்ட்ரியிலிருந்து நார்மன் டூயிஸ் என்ற பரிசோதனை ஓட்டுநர் இரவோடிரவாக மற்றொன்றை ஓட்டி வந்ததும் பிரசித்தமான கதை. ஆனால் அதே வண்டியின் பின்சக்கரத்து ஹப்பை, பல வருஷங்கள் துருவில் இறுகிக் கிடந்த பிறகு, ஒரு கீறலும் படாமல் கழற்றியெடுக்கும் கைகளைப் புகழ்வோர் மிகச் சிலரே. பூட்டுவதைக் காட்டிலும் பழுதின்றிப் பிரிப்பதே அரிய வித்தை என்பது என் துணிபு.

ஸ்விட்ஸர்லாந்தில் இவ்வித்தைக்கு வேலை அதிகம். பாஸல் அருகே ஷ்வைட்ஸர்ஹாலே போன்ற இடங்களில் பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் உப்பு, பனிக்காலத்தில் சாலையெங்கும் தூவப்பட்டு, உருகிய நீரோடு சக்கரங்களின் உட்புறத்தில் ஏறித் தங்கிவிடுகிறது. ஈ-டைப்பில் பின்ஹப்பைத் தாங்கும் கூடு அலுமினியம். அதன் கீழ்ப்பகுதியை ஊடுருவி நிற்கும் தண்டோ எஃகு. உப்புநீர் சேர்ந்ததும் இவ்விரண்டு உலோகங்களுக்கிடையே மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் அரித்து, வெண்பொடியாகப் பூத்து, உலோகமாயிருந்தபோது கொண்ட இடத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, தண்டை அசையவொட்டாமல் பற்றிக்கொள்கிறது. அவசரக்காரன் சம்மட்டியை ஓங்குவான். தண்டின் முனை நசுங்கி அகன்று, துளைக்குள் இனி நுழையவே மாட்டேனென்று நின்றுவிடும்.

கைதேர்ந்த மெக்கானிக்கோ முதலில் எண்ணெய் விட்டுக் காத்திருக்கிறார், மறுநாளும் விடுகிறார். பிறகு, ஒரே உஷ்ணத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதை அறிந்தவராய், கூட்டை மட்டும் சுற்றிச்சுற்றி இதமாகச் சூடேற்றி, தண்டைத் தட்டிப் பார்த்து, அந்த ஓசையிலேயே பிடி தளர்ந்ததா இல்லையா என்று கண்டுகொள்கிறார். பற்கள் வெட்டிய அச்சிலிருந்து ஹப்பை வாங்கும்போதும் இதே நிதானந்தான்: ஸ்பிலிட் பின்னை உருவி, நட்டை முழுதும் கழற்றாமல் அச்சின் முனைமட்டத்துக்குக் கொண்டுவந்து மரைக்குக் காவலாக நிறுத்தி, புல்லரைப் பொருத்தி, நடுத்திருகைச் சிறிது முறுக்கி, அதன் தலையில் ஓர் அடி கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சற்று நேரத்தில், யாரும் தொடாதபோதே, ‘டக்’ என்று ஹப் நகரும். எந்தச் சங்கீதக் கச்சேரியிலும் இதைவிடப் பொருத்தமான இடத்தில் தாளம் விழுந்து நான் கேட்டதில்லை.

30 ஆண்டு கடந்து அசல் நிலை மாறாத வண்டிகளுக்கு ‘வெட்டரன்’ என்ற தகுதியளித்து, 6 ஆண்டுக்கொருமுறை மட்டும் பரிசோதனைக்கு அழைக்கிறது அந்நாட்டுச் சட்டம். அந்த அசல் நிலையைக் காப்பதில் பெரும்பங்கு இத்தகைய கைகளுடையது. தண்டு புதிதாகக் கிடைக்கும். வண்டியோடு பிறந்த கூடு உடைந்தால் போனதுதான். ஆகையால் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் மெக்கானிக்கை அவசரப்படுத்த வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். திரும்பப் பூட்டும்போது தண்டுக்குக் கிரீஸைத் தாராளமாகத் தடவச் சொல்லுங்கள்.