கெனே போட்ட கணக்கும் ஒட்டன்சத்திரம் தக்காளியும்

பதினைந்தாம் லூயி மன்னனின் அரண்மனை வைத்தியர் பிரான்சுவா கெனே, அறுபதைக் கடந்த பிறகே பொருளாதாரம் எழுத வந்தார். 1758இல் அவர் வரைந்த ‘பொருளாதார அட்டவணை’ ஒரு நாட்டின் செல்வம் கைமாறும் வழியை ஒரே தாளில் காட்டியது. போட்டதற்கு மேல் தருவது நிலம் மட்டுமே. மற்றத் தொழில்கள் பொருளின் உருவத்தை மாற்றுகின்றன, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. கைவினைஞரையும் வணிகரையும் சேர்த்து ‘மலட்டு வகுப்பு’ என்றார்.

திண்டுக்கல் நாகல்நகரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இரும்புத் தகட்டை வெட்டி, உள்ளே இருக்கும் நெம்புகளை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, தன் சாவிக்கு மட்டுமே மசியும் பூட்டாக்குவது மலட்டு வேலையா? அந்தப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அலிகார் பூட்டு மலிவாக வந்து குவிந்ததில், இங்கே ராவுகிறவருக்குக் கூலிக்கு மேல் மிஞ்சுவது அரிது. கெனே சொன்னது பலித்தது போலத் தோன்றும். தொழிலில் குறை இல்லை. விலை பேசும் பலம்தான் போய்விட்டது.

கெனே பலமாக நிற்கும் இடம் வேறு. உழவன் முன்கூட்டிப் போடும் முதலை அவர் தனியாகக் கணக்கிட்டார். விதை, கூலி ஒரு பக்கம். கலப்பை, கால்நடை இன்னொரு பக்கம். விளைச்சல் விற்று அந்த முதல் திரும்பாவிட்டால் அடுத்த போகம் இளைக்கும் என்றார். தண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு மேல் கிணறாக இறக்கும் திண்டுக்கல்லின் வறண்ட சமவெளிக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை பறிப்புக்கூலிக்கும் கீழே இறங்கும் நாளில், அழிவது லாபமல்ல, முதல்.

வரியையும் நிலவுடைமையாளரின் வாரத்தில்தான் விதிக்க வேண்டும், உழுபவன் போட்ட முதலில் கைவைக்கக் கூடாது என்றார். அவர் வழிச் சிந்தனையின் சாயல் வங்காளத்து நிரந்தர ஜமீன் திட்டத்தில் இருந்ததை வரலாற்றாசிரியர் ரணஜித் குகா 1963இல் எழுதிய நூலில் காட்டினார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, அந்த ஜமீன் முறையை இங்கேயும் பின்னர் கொண்டுவந்தது. கிஸ்தி ஏறியதில் ஜமீன்கள் முறிந்தன. வைத்தியரின் நிபந்தனைகள் கப்பல் ஏறவில்லை போலும்.

தானிய வணிகத்தைத் தடையின்றி விட்டால் உழவனுக்கு நல்ல விலை வரும் என்பதும் அவர் நம்பிக்கை. அதே எண்ணம் கொண்ட நிதியமைச்சர் துர்கோ 1774இல் பிரான்சில் அதைச் செய்து பார்த்தார். விளைச்சல் பொய்த்தது, ரொட்டி விலை எகிறியது, மறு ஆண்டே கலவரம்.

இன்றைய திண்டுக்கல்லுக்குக் கெனேயின் அட்டவணை பாதிதான் உதவும். உபரி எங்கே பிறக்கிறது என்று அது காட்டும். தக்காளிக்கு விலை வைக்கும் கமிஷன் மண்டிக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது.