உறவுமணம்: பாதி சொல்லப்பட்ட பாடம்

திண்டுக்கல், வேடசந்தூர், நத்தம் பக்கத்து ஊர்களில் இப்படியொரு சுகாதாரச் சொற்பொழிவை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்காதீர்கள், பிள்ளை குறையோடு பிறக்கும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இது பொய்யன்று, பாதி உண்மை. விடுபட்ட பாதியால் சில வீடுகளில் தீங்கு விளைகிறது என்பதே நம் குறை.

முதலில் சொல்லப்படும் பாதியைப் பார்ப்போம். திண்டுக்கல் பூட்டோடு இரண்டு சாவிகள் தருவார்கள். நம் ஜீன்களிலும் பெரும்பாலானவை இரட்டையே. தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று. ஒரு சாவி பழுதானாலும் மற்றது திறந்துவிடும். ஆகவே பழுதான ஜீன் ஒன்றை மட்டும் சுமப்பவருக்குப் பெரும்பாலும் நோய் தெரியாது. அதே பழுதைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்புண்டு. (முதற் குழந்தைக்கு நோய் வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்பார் உண்டு. தவறு, ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.) மாமனுக்குத் தாயும் அக்காள் மகளுக்குப் பாட்டியும் ஒருவரே அல்லவா? அவரிடமிருந்த பழுது இருவருக்கும் வந்திருக்கக்கூடும்.

எவ்வளவு ஆபத்து? எல்லோருக்கும் பொதுவாகவே நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் பிறவிக் குறையுடன் பிறக்கின்றன. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் மணத்தில் அதைவிடவும் கூடலாம். இந்த எண்ணைச் சொற்பொழிவாளர் சொல்வதில்லை. கேட்பவரோ, அக்காள் மகளை மணந்த அண்டை வீட்டாரின் நலமான பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, சொன்னது முழுவதையும் தள்ளிவிடுகிறார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட மணங்கள் உறவுமணங்களே.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சுந்தர் ராவும் இன்பராஜும் 1977-ல் வெளியிட்ட ஆய்வொன்று, கருச்சிதைவிலும் சிசு மரணத்திலும் உறவுமணத்தால் பெரிய வேறுபாடு இல்லை என்றது. இதைக் காட்டி உறவுமணம் தீங்கற்றது என வாதிடுவோருக்கு ஒரு சொல்: பேதியும் காய்ச்சலும் குழந்தைகளை வாரிக்கொண்டுபோன நாளில், ஆயிரங்களில் ஒருவருக்கு வரும் அரிய நோய் மொத்தக் கணக்கில் தெரியாமலே போகும்.

இனி, விடுபட்ட பாதி. சொந்தத்தில் எடுக்கவில்லை, அசலில்தான் எடுத்தோம் என்று நிம்மதி கொள்வோர் பலர். அந்த அசல் எது? அதே சாதி, அதே கிளை. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலாளர் தங்கராஜ் முதலியோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட சமூகங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் 81 சமூகங்கள், சிறு கூட்டத்திலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்த தடயத்தை, அரிய நோய்களுக்குப் பெயர்போன பின்லாந்து மக்களைவிட அழுத்தமாகக் கொண்டிருந்தன. தென்னிந்திய வணிகச் சமூகமொன்றில், அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலின் மருந்தைச் சிதைக்கும் நொதி குறைந்தோர் மிகுதி. அவர்களுக்கு மூச்சு திரும்ப நெடுநேரமாகும். இங்கே மணமக்கள் உறவா, அசலா என்ற கேள்வி மட்டும் போதாது. இதை மேடையில் சொல்லத் தயக்கம் ஏன் என்பது உங்களுக்கே தெரியும்.

டூஷென் தசைச் சிதைவு நோய்க்கோ உறவுமணத்தோடு தொடர்பே இல்லை. ஐந்து வயதுப் பையன் முழங்காலில் கையூன்றி எழுகிறான். பன்னிரண்டு வயதளவில் நடை போய்விடுகிறது. தாயின் எக்ஸ் குரோமோசோமில் உள்ள பழுதினாலோ, புதிதாகத் தோன்றிய பழுதினாலோ இது வரும். ஆயினும் மாமனை மணந்ததால் வந்தது என்ற பழிச்சொல் அந்தத் தாய்க்கு. அசலில் மணந்தவளாயின், அவள் வந்த ராசி என்பார்கள்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. 2022-ல் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாயாயிற்று. ஆயுள் முழுதும் நொதி ஊசி தேவைப்படும் கோஷே போன்ற நோய்க்கு அது சில ஆண்டுகளுக்குக்கூடக் காணாது. தமிழ்நாட்டில் அதற்கான மையமோ, இங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில். அங்கே போகவேண்டும் என்று தெரிவதற்கே முதலில் யாராவது சில கேள்விகள் கேட்டிருக்க வேண்டும். குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகள் உண்டா? நடை தளர்ந்த தாய்மாமன் உண்டா? மயக்க மருந்தில் எவருக்கேனும் இடர் வந்ததா? அடுத்த சொற்பொழிவில் இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும்.