திரைக்காப்பு மீன்தொட்டி: கருவும் உரியும்

ஒரு பயன் கருதித் தோன்றிய பொருள், அப்பயன் ஒழிந்த பின்னும் மக்களிடையே நிலைபெறுமாயின், அது நிலைபெற்றதன் காரணத்தை ஆராய்தல் திறனாய்வாளர் கடனாகும். மின்விளக்கு வந்த பின்னும் குத்துவிளக்கு நம் இல்லங்களை விட்டு நீங்கவில்லை. ஒளி தருதல் என்னும் பயனை இழந்தும், வேறொரு பொருண்மையால் அது வாழ்கின்றது. கணிப்பொறியின் திரைக்காப்பாக அமைந்த மீன்தொட்டியும் இத்தகையதே. அதனை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்காது, கலைப்படைப்பாகக் கொண்டு மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அதன் தோற்றத்தைக் காண்போம். பழைய கணிப்பொறிகளின் கண்ணாடிக்குழாய்த் திரையினுள்ளே பாஸ்பரப் பூச்சு இருந்தது. ஒரே உருவம் நெடுநேரம் அசையாது நிற்பின், அப்பூச்சு அவ்விடத்தே நலிந்து, அழியாத தடம் விழும். இதனைத் தவிர்க்க ஜான் சோச்சா என்பார் எழுதிய நிரலொன்று, ‘சாப்ட்டாக்’ என்னும் இதழில் 1983 டிசம்பரில் வெளிவந்தது. மூன்று நிமிடம் எவரும் விசையைத் தொடாதிருப்பின் அந்நிரல் திரையை இருளச் செய்தது. 1989இல் பெர்க்கிலி சிஸ்டம்ஸ் நிறுவனம் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கென வெளியிட்ட ‘ஆஃப்டர் டார்க்’, இருளுக்கு மாற்றாக இயங்கும் ஓவியங்களைத் தந்தது. மீன்களும் அவற்றுள் இடம்பெற்றன. பின்னர்த் தட்டைத் திரைகள் பரவவே, தடம் விழும் என்னும் அச்சம் பெரும்பாலும் நீங்கிற்று. மின்னாற்றலைச் சேமிக்க வேண்டின், திரையை அணைத்தலே தக்கது. எனினும் மீன்தொட்டி மறைந்திலது.

பிற உயிர்களை விடுத்து மீனையே இக்கலை விரும்பியது ஏன்? இலண்டன் ரீஜண்ட் பூங்காவின் விலங்குக் காட்சிசாலையில் 1853இல் மீன்மனை திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல், மீன்தொட்டியை இல்லங்களில் வளர்க்கும் வேட்கையைப் பரப்பியது. அன்றே அத்தொட்டி ஒரு திரையாக அமைந்துவிட்டது எனலாம். கண்ணாடிக்கு அப்பால் ஓர் உலகம். அங்கிருந்து ஓசை வருவதில்லை. உள்ளிருக்கும் உயிரைத் தழுவிக்கொள்ளவும் இயலாது. நாயையும் பூனையையும் திரையில் எழுதினால், நாம் இழப்பது பெரிது. மீனை எழுதினால் இழப்பது சிறிது. ஆதலின் மீன் திரைக்கு எளிதிற் குடிபெயர்ந்தது.

இனி, கணிப்பொறி மீனைப் படைத்தோர் மேற்கொண்ட மூன்று நெறிகளை ஒப்பிட்டு நோக்குவோம்.

முதலாவது, ‘எல்-ஃபிஷ்’. டெட்ரிஸ் விளையாட்டால் பெயர்பெற்ற அலெக்ஸி பஜித்னோவும் விளாதிமிர் பொகில்கோவும் உருவாக்கிய இதனை 1993இல் மாக்சிஸ் நிறுவனம் வெளியிட்டது. இதில் மீன்களைப் பிடிக்கலாம். இணைத்துப் புது மீனைப் பெறலாம். உருவைத் திரித்து மாற்றலாம். ஒவ்வொரு மீனின் அசைவையும் கணித்து முடிக்க அக்காலக் கணிப்பொறி நெடுநேரம் எடுத்துக்கொண்டது. இங்கு இன்பம் படைத்தலில் உள்ளது.

இரண்டாவது, டொரான்டோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தூ சியாவ்யுவான், திமெத்ரி தெர்சோபூலோஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட செயற்கை மீன் ஆய்வு. இது திரைக்காப்பு அன்று. எனினும் ஒப்புமைக்கு இன்றியமையாதது. விற்சுருள்களால் இணைந்த புள்ளிகளே இம்மீனின் உடல். தசை சுருங்க, நீர் எதிர்க்க, மீன் முன்செல்லும். அதற்குக் காணும் திறனும், பசியும், அச்சமும், புணர்ச்சி வேட்கையும் கணக்கால் வகுக்கப்பட்டன. வேட்டை மீன் துரத்தும். சிறு மீன்கள் கூட்டமாய்ச் சேர்ந்து அஞ்சி ஓடும்.

மூன்றாவது, ஜிம் சாக்ஸ் என்னும் ஓவியர் படைத்து 2000இல் வெளிவந்த ‘மரீன் அக்வேரியம்’. 1986இல் அமிகா கணிப்பொறிக்கு வந்த ‘டிஃபெண்டர் ஆஃப் தி கிரவுன்’ விளையாட்டின் ஓவியங்களால் அறியப்பட்டவர் இவர். இப்படைப்பின் ஒரு வடிவம், 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கணிப்பொறிக்குரிய ‘பிளஸ்!’ தொகுப்பிலும் இடம்பெற்றது. செதிலின் ஒளியும், துடுப்பின் அசைவும், திரும்புங்கால் உடல் வளையும் நயமும் ஓவியக்கண் உடையார்க்கே கைவருவன.

இம்மூன்றையும் எவ்வளவைகொண்டு அளப்பது? தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு ஈண்டுத் துணைபுரியும். இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன என்பதும், முதலும் கருவும் இன்றியும் பாடல் அமையலாம், உரியின்றி அமையாது என்பதும் நாம் அறிந்தனவே. மரீன் அக்வேரியத்தில் நிலம் உண்டு. கருப்பொருளோ நிரம்ப உண்டு. உரிப்பொருள் உண்டா என்பதே வினா.

சிங்கமீன் தன் வாய்க்கு அடங்கும் சிறு மீன்களை விழுங்கும் இயல்பினது. சாக்ஸின் தொட்டியில் அது சிறு மீன்களோடு பல்லாண்டு பகையின்றி உலவுகின்றது. அங்கு எம்மீனும் மூப்பதில்லை, இறப்பதுமில்லை. பசியை நீக்கிய கடல் அது. டொரான்டோ மீனோ உருவத்தால் எளியது, ஆயினும் அஞ்சுகின்றது. அச்சமுள்ள இடத்தில் ஒழுக்கம் பிறக்கின்றது. ஒழுக்கம் உள்ள இடத்திலேயே உரிக்கு இடமுண்டு.

‘களைத்த கண்ணுக்கு அமைதி தருவதே இதன் நோக்கம், பசியும் சாவும் எதற்கு?’ என வினவுவார் உளர். அமைதி இருவகைப்படும் என்க. துன்பத்தைக் கண்டு கடந்து பெறுவது ஒன்று. அதனைக் காணாமல் மறைத்துப் பெறுவது மற்றொன்று. நெய்தற் பாடல்களில் மீன் உணங்கலைப் புள்ளினின்று காக்கும் உழைப்பும், கடல் மேற்சென்றார் எதிர்கொள்ளும் இடரும் உண்டு. அதனாலேயே அங்கு மாலைப்பொழுது ஆழம் பெறுகின்றது. திரைக்காப்பின் அமைதி இரண்டாம் வகையினது.

இக்குறை, நடுநிலையோடு நோக்கின், வெறும் அழகியற் குறையன்று. 1998இல் உலகின் பல கடல்களில் நீர் வெம்மையுற்றுப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. இல்லத்தொட்டிகளை அணிசெய்யும் கடல்மீன்களுட் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடிக்கப்படுவனவே. ஒரு மீனையும் கொல்லாது கண்ணுக்கு விருந்தளித்தல் திரைத்தொட்டியின் பெருஞ்சிறப்பு. ஆனால் என்றும் வெளிறாத பவளத்தையே கண்டு பழகிய கண், வெளிறும் பவளத்துக்கு இரங்கக் கற்குமோ என்பது எண்ணத்தக்கது.

அங்ஙனமாயின், உரியில்லாத இப்படைப்பு எங்ஙனம் நிலைபெற்றது? விடை அதன் அமைப்பிலேயே உள்ளது. பணி நின்றால் அது தோன்றும். கை பட்டால் மறையும். பார்ப்பவர் தொடாதிருக்கும் வரையே கடல் நீடிக்கும். ஆகவே இதன் உரி, தொட்டியினுள் இல்லை; கையை விலக்கி இருப்பவரின் இருத்தலில் உள்ளது. படைப்பு கருவைத் தருகின்றது; உரியைக் காண்போரே இடுகின்றனர். அவரவர் மனநிலைக்கு இடங்கொடுத்தமையால் அது பலர்க்கும் உரியதாயிற்று. அதே காரணத்தால், காண்போர் கொண்டு வந்ததற்கு மேல் ஒன்றையும் அவர்க்கு உணர்த்த அதனால் இயலவில்லை.

ஓவியமாகக் கொள்ளின் மரீன் அக்வேரியம் முதலிடம் பெறும். பாட்டின் அளவையால் நோக்கின் டொரான்டோ மீனே ஒருபடி உயர்ந்து நிற்கும். ஓவியரின் கையும் அஞ்சும் மீனும் ஒருங்கு கூடிய படைப்பே இக்கலையின் நிறைவாகும். புதிய கலைகளை ஆராயப் புகும் மாணவர்க்கு நம் பழைய இலக்கணம் பயன்படும் என்பதற்கு இஃது ஒரு சான்று.