சந்தையும் கடற்கரைப் பள்ளியும்: கதைக்குள் வரும் கிழக்கிலங்கை ஊர்கள்

விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ (2011) நாவலில் அக்கரைப்பற்றுச் சந்தை வெறும் பின்னணி அல்ல. தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்தில் பக்கத்தில் கடை பரப்பிப் பிழைத்த இடம் அது. இனப்பகை மூண்டபோது இரு சமூகங்களின் உறவு எப்படி அறுந்தது என்று ஆசிரியர் விரிவுரை நடத்த வேண்டியதில்லை. சந்தை குலைவதைக் காட்டினாலே போதுமாகிவிடுகிறது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) முச்சந்தி மரம் செய்யும் வேலையும் இதுதான். வணிகமும் அரசியலும் ஓர் ஊரை மாற்றுவதை அந்த மரத்துக்கு நேர்வதைக் கொண்டே வாசகர் அறிகிறார்.

உண்மையான இடம் கதைக்குத் தரும் பெரிய பலம் இது.

ஆனால் பெயரை எழுதிவிட்டால் இடம் வந்துவிடாது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவில் அங்கே ஆண்டுதோறும் கொடியேறும்; நேர்ச்சையும் கடைகளுமாகக் கூட்டம் சேரும். தர்காவுக்குப் போவதை ஏற்போரும் மறுப்போரும் ஒரே தெருவில் வாழும் கரை இது. அந்த இழுபறியைத் தொடாமல் மினாராவையும் கொடியையும் மட்டும் வருணிக்கும் கதை வாழ்த்து அட்டையைத் தாண்டாது.

இன்னொரு குறை, பாதி வரைபடம். கல்முனை பசாரின் ஒரு பக்கம் கல்முனைக்குடி. மறுபக்கம், திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போன பாண்டிருப்பு. இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்கும் எழுத்து, பிரதேச செயலகம் முதற்கொண்டு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே எல்லை வழக்கு ஓயாத இந்த நகரத்தில் தெரிந்தோ தெரியாமலோ ஒரு தரப்பின் சாட்சியாகிவிடும்.

மறைபெயர் வைத்தால் இந்தச் சிக்கல் தீருமா? சாய்ந்தமருதைச் சேர்ந்த தீரன் ஆர்.எம். நௌஷாத் ‘பள்ளிமுனைக் கிராமத்தின் கதை’ என்று எழுதினார். ஒழுங்கைக்கு ஒழுங்கை சொந்தக்காரர் இருக்கும் ஊர்களில் அது நல்ல காப்பு. எந்த வீட்டுக் கதை என்று யாரும் வழக்குப் பேச முடியாது. ஆனால் ஊரின் அடையாளம் எதிர்கால வாசகருக்குப் பிடிபடாமல் போகலாம்.

இக்கரையில் அந்த இழப்பு சிறியதல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கடலோர வீடுகளை வரிசை வரிசையாகத் துடைத்துப் போனது. ஒலுவிலில் துறைமுகம் வந்தபின் கரையையே கடல் தின்றுகொண்டிருக்கிறது. போன தெருக்கள் எப்படியிருந்தன என்று கேட்பவர் புனைகதையையும் புரட்டத்தான் செய்வார். அதையே ஆவணமாக நம்பிவிடவும் முடியாது; கதைக்காகக் காலத்தைச் சுருக்குவதும் இரு இடங்களை ஒன்றாக்குவதும் நாவலாசிரியரின் உரிமை.

ஆகவே சந்தை, பள்ளி, கோயில், கடற்கரை போன்ற பொது இடங்களுக்கு உண்மைப் பெயரும், வீட்டுக்கும் குடும்பத்துக்கும் மறைபெயரும் இருப்பதே இக்கரைக்குப் பொருந்தும். அந்த அளவில் அக்கரைப்பற்றுச் சந்தையைப் பெயர் சொல்லி எழுதிய ‘கசகறணம்’ எடுத்த முடிவு சரியானது. கல்முனையை எழுத வருபவர்கள் பசாரின் இரு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.