வட்டம் விழும் அழகு

கேரளத்தின் கும்பளங்கிக் காயலில் இன்று பறவையைக் குறிவைத்துத் துப்பாக்கி தூக்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. ஆனால் பெருவாத்து வேட்டைக்காரரின் கணக்கு அங்கே வீச்சுவலையில் உயிரோடு இருக்கிறது.

வேட்டைக்காரருக்குக் கணக்கு இரண்டுதான்: ரவை எவ்வளவு பெரிது, ரவைகள் சிதறி விழும் வட்டம் எவ்வளவு இறுக்கம். குழல் முனையைச் சற்றே குறுக்கும் 'சோக்' ரவைகளை அதிகம் சிதறவிடாது. 'ஃபுல் சோக்' என்றால் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 70 சதவீத ரவைகள் விழ வேண்டும்.

வலைக்காரருக்கும் இதே பாடுதான். கண்ணி சிறிதானால் இறால் தப்பாது. ஆனால் வலை மெல்ல இறங்கும், மடவை நழுவிவிடும். கண்ணி பெரிதானால் சட்டென்று இறங்கும், பொடிமீன் போய்விடும். நீரோட்டம் இருந்தால் விளிம்பில் ஈயம் கூடுதலாக வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, வலையின் ஒரு மடிப்பைத் தோளில் போட்டு, இடுப்பைத் திருப்பி வீசுகிறார். ஈயமணிகள் விளிம்பை இழுத்து விரிக்க, வட்டம் முழுதாக நீரில் படிகிறது. ஒரு பக்கம் சுருங்கினாலும் மீனுக்கு அதுவே வாசல்.

வேட்டைக்காரரின் கணக்கோ ஈயத்தால் மாறியது. சேற்றில் கிடந்த ஈய ரவைகளை விழுங்கி நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் செத்ததால், அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தைத் தடைசெய்தது. எடை குறைந்த எஃகு வந்தது. ரவை இரண்டு அளவு பெரிதானது, சோக் தளர்ந்தது.

இரண்டில் என் ஓட்டு வலைக்கே. சிக்கிய குஞ்சுமீனைத் திரும்ப நீரில் விடலாம். சுட்ட பறவையை விட முடியாது.