பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்?

தமிழ்நாட்டில் மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு ஓர் அரசு வேலை தொடங்குகிறது. தேறாத மாணவர்களின் தொலைபேசி எண்கள் 104 மருத்துவ உதவி மையத்துக்குப் போகின்றன. அங்கிருக்கும் ஆலோசகர்கள் ஒவ்வொரு வீடாக அழைத்துப் பிள்ளையோடும் தாய் தகப்பனோடும் பேசுகிறார்கள். 2021 செப்டம்பரில் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுதிய பிள்ளைகளையும் இப்படித்தான் அழைத்தார்கள். அடுத்தடுத்து நேர்ந்த மாணவர் மரணங்கள் அரசையும் ஊரையும் உலுக்கியிருந்த நேரம் அது.

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தேடி வரும் அழைப்பு என்று ஒன்று வழக்கத்தில் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. ஆனால் அழைக்க வேண்டியது பிள்ளைதான். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் தமிழ்நாடு வெகுதூரம் முன்னால் நிற்கிறது. பாடசாலைக்குள் போய்ப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இலங்கைப் பாடசாலைகளில் ‘வழிகாட்டலும் ஆலோசனையும்’ என்பது ஓர் ஆசிரியரின் பொறுப்பு. வடக்கிலும் கிழக்கிலும் அந்தப் பொறுப்புக்கு ஆழம் கொடுத்தது போர். வெளியிலிருந்து மருத்துவர் வர முடியாத, வந்தாலும் போதாத காலத்தில், பிள்ளைகளை நாளாந்தம் பார்க்கக்கூடியவர்களாக ஆசிரியர்களே எஞ்சியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1987இல் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் தொடங்கியது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் படித்துப் பயன்படுத்தக்கூடிய தமிழில் ‘மனவடு’ என்ற நூலை எழுதினார். மருத்துவமனைச் சுவருக்குள் இருந்த அறிவு வகுப்பறைக்கு வந்தது அப்படித்தான்.

2002இல் வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பிள்ளைகளோடு இருந்து கேள்வி கேட்டவர்கள் அந்த மண்ணின் ஆசிரிய ஆலோசகர்கள். 92 வீதமான பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல், நெருங்கியவரின் மரணம் என ஏதோ ஒரு கொடுமையை நேரில் அனுபவித்திருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு அதனால் வந்த நெருக்கீட்டு நோய் இருந்தது. சுனாமிக்குப் பின் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்தவர்களும் இப்படிப் பயின்ற ஆசிரியர்கள்தான். ஒரு பகுதியினருக்குத் தம் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வைக்கும் முறை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பகுதியிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். ஓர் ஆசிரியரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி கிடைத்தது, பின்னால் நிபுணர்கள் நின்றார்கள், அந்த வேலைக்கென்று நேரமும் ஒதுக்கப்பட்டது.

இலங்கைப் பாடசாலையின் இன்றைய நேரசூசியைப் பாருங்கள். ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் காலையில் தரம் 8க்கு வரலாறு படிப்பிக்கிறார், பிறகு வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கிறார், இடைவேளையில் விளையாட்டுப்போட்டிக் கணக்கு எழுதுகிறார். எஞ்சும் நேரத்தில் ஒரு பிள்ளை வந்து கதவோரம் நின்றால் அதற்குப் பெயர் ஆலோசனை. பாடசாலை விட்டதும் பிள்ளை ரியூசனுக்கு ஓட வேண்டும். புள்ளி போடுகிறவரும் தண்டிக்கிறவரும் அழுகையைக் கேட்கிறவரும் ஒரே ஆள். போதாததற்கு அவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார், அம்மாவைக் கோயிலில் காண்கிறார். “வீட்டில சொல்லிப்போடாதேங்கோ மிஸ்” என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை கேட்பதும், “வீட்ல சொல்லிடாதீங்க மிஸ்” என்று மதுரைப் பிள்ளை கேட்பதும் ஒரே அச்சத்தினால்தான். அந்த வாக்குறுதியை எந்த எல்லைவரை கொடுக்கலாம், எந்தக் கட்டத்தில் அதை மீறியேனும் பிள்ளையின் உயிரைக் காக்க வேண்டும் என்பது பயின்றுதான் வர வேண்டும். நல்ல மனம் மட்டும் போதாது.

தமிழ்நாட்டு ஏற்பாட்டில் இந்தச் சங்கடம் குறைவு. அங்கே உதவி பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே இருந்து வருகிறது. 2013 வாக்கில் உளவியலாளர்களை ஏற்றிய நடமாடும் ஆலோசனை வாகனங்கள் பள்ளி பள்ளியாகப் போயின. ஒரு வாகனத்துக்குப் பல மாவட்டங்கள். இந்தியா முழுமைக்குமான மாணவர் மனநலத் திட்டம் ‘மனோதர்ப்பண்’ 2020 ஜூலையில் வந்தது. 2022 அக்டோபரில் 14416 என்ற மனநல உதவி எண் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். அரசுப் பள்ளிகளில் மாணவர் தம் குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தார்கள். முகம் தெரியாதவரிடம் பேசுவதில் ஒரு விடுதலை உண்டு. பெயர் சொல்ல வேண்டாம், நாளைக்கு அவர் கண்ணில் படவும் வேண்டாம். வகுப்பாசிரியரிடம் ஒருபோதும் சொல்லாததை ஒரு பதின்ம வயதுப் பிள்ளை தொலைபேசியில் சொல்லக்கூடும்.

ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு? அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளை அதே வகுப்புக்கு, அதே கேலிக்கு, அதே மதிப்பெண் பட்டியலுக்குத்தான் திரும்பிப் போகிறது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அது தனியே உட்கார்ந்திருப்பதைத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் பார்க்க முடியாது. 2025 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம், நூறும் அதற்கு மேலும் மாணவர் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதிபெற்ற ஓர் ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியதும் இந்தக் குறையை உணர்ந்துதான் என்று நினைக்கிறேன். கேரளத்தில் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அரசுப் பள்ளிகளில் உளசமூக ஆலோசகர்களை வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டில் பெரும்பாலான அரசுப் பள்ளிகளுக்கு அது இன்னும் எட்டவில்லை.

ஆசிரியரா, வெளியாளா என்ற கேள்விக்குப் பீகாரில் ஒரு தெளிவான விடை கிடைத்திருக்கிறது. நாளந்தா மாவட்டத்து 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளை மூன்றாகப் பிரித்துச் செய்த அந்தச் சோதனையின் முடிவு 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. சில பள்ளிகளில் ஆசிரியரே மாணவர் நலத் திட்டத்தை நடத்தினார். சில பள்ளிகளில் அதே திட்டத்தை நடத்த அந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரைப் பயிற்சி கொடுத்துப் பள்ளியிலேயே அமர்த்தினார்கள். அவர் உளவியல் நிபுணர் அல்ல. சுவர்ப்பத்திரிகை, மனம் திறக்கும் பெட்டி, மாணவர் குழு, தனியே வந்து பேசுவதற்கு ஒரு நேரம், இவைதான் அவருடைய கருவிகள். அவர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் வன்சீண்டலும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளுக்கும் இந்தத் திட்டம் இல்லாத பள்ளிகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எடுத்துக் காட்டவில்லை. ஏற்கெனவே பாரம் சுமக்கிறவர் தலையில் இன்னொரு பாரத்தை வைத்தால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது என்பதே இதன் பொருள்.

ஆலோசனையைவிடப் பெரிய காரியம் ஒன்றைத் தமிழ்நாடு செய்திருக்கிறது, அதைப் பற்றி இலங்கையில் போதிய பேச்சு இல்லை. தேறாத பிள்ளை சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகலாம். இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், 1986இல் சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2025இல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் போயிற்று. தனியார் பள்ளிகளின் பிளெக்ஸ் தட்டிகள் இன்னும் தெருவில் நிற்கின்றன, நீட் இன்னும் இருக்கிறது. இருந்தாலும் திசை சரியானது.

இலங்கையில் பத்து வயதுப் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறது. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தால் தோற்ற பிள்ளை என்ற பெயரோடு தரம் 6க்குப் போகிறது. சாதாரண தரத்தில் ‘9ஏ’, உயர்தரத்தில் ‘3ஏ’ எடுத்தவர்களின் படங்கள் பத்திரிகையை நிறைக்கின்றன. உயர்தரத்தில், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி போதாவிட்டால் அடுத்த பரீட்சைக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கென்று மூன்று தடவைதான் தோற்றலாம். அந்தக் காத்திருப்பில் பிள்ளை பாடசாலையிலும் இல்லை, தொழிலிலும் இல்லை. ஆலோசனை ஆசிரியரின் பார்வைக்கும் அது வெளியே போய்விடுகிறது. உண்மையில் மிகவும் தனிமைப்பட்டுப் போகும் காலம் அதுதான், அப்போது அதற்கு யாருமே பொறுப்பில்லை.

அடிக்கும் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கைக் கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கையால் உடல் தண்டனையைத் தடுத்தது. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது, ஆனால் அந்தச் சட்டம் பதினான்கு வயதுவரைதான். பிரம்பு இரு கரையிலும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை. பிரம்பு உள்ள அறையில் ஆலோசனை நடக்காது.

இரண்டு ஏற்பாடுகளும் பாதிப் பாதியாகவே நிற்கின்றன. இலங்கைக்கு வேண்டியது பெறுபேறு நாளில் பிள்ளையைத் தேடிப் போகும் அழைப்பும், சில வாரங்களுக்குள் மீண்டும் எழுதக் கிடைக்கும் ஒரு வாய்ப்பும். தமிழ்நாட்டுக்கு வேண்டியது ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்குள்ளும் பாடம் எடுக்காத, புள்ளி போடாத ஒரு மனிதர். அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. அதிபர்களே, தலைமையாசிரியர்களே, உங்கள் ஆலோசனை ஆசிரியருக்குக் கிழமைக்குச் சில பாடவேளைகளையும், கதவு மூடக்கூடிய ஓர் அறையையும் ஒதுக்கிக் கொடுங்கள். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வர வேண்டியதில்லை. இலங்கையில் 1926, தமிழ்நாட்டில் 14416: இந்த இலக்கங்களை வகுப்பறைச் சுவரில் பிள்ளையின் கண்மட்டத்தில் எழுதி வையுங்கள்.