‘அனுமதித்தால்’ என்னும் சொல்

ஒவ்வொரு தேசிய விடுமுறைக்குப் பிறகும் மாவட்டச் செய்திப் பக்கத்தில் தொழிலாளர் துறையின் அறிவிப்பு ஒன்று வரும். விடுமுறை தராமல், வேலை செய்ய ‘அனுமதித்து’விட்டு, இரட்டிப்பு ஊதியமோ மாற்று விடுப்போ கொடுக்காத கடைகள், உணவகங்கள் மீது நடவடிக்கை என்று அது சொல்லும். தருமபுரிக்கும் இது பழகிய செய்திதான். எனக்கு உறுத்துவது அந்த வினைச்சொல். அனுமதி, கேட்டவருக்குத் தரப்படுவது. ஆகஸ்ட் 15 அன்று ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண் யாரிடம் போய் வேலை கேட்டாள்?

1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தில் இந்த மழுப்பல் இல்லை. விடுமுறை நாளில் வேலை வாங்க வேண்டுமானால் முதலாளி 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரட்டிப்பு ஊதியமா, மாற்று விடுப்பா என்று தெரிவு செய்வது தொழிலாளியின் உரிமை. கடைக்குள் அந்தத் தெரிவு, “புதன்கிழமை லீவு எடுத்துக்கோம்மா” என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமையின் கதை வேறு. 1947ஆம் ஆண்டின் கடைகள் சட்டம் வாரத்தில் ஒரு நாள் கடையை மூடச் சொன்னது. 2019இல் வந்த அரசாணை, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளை ஆண்டு முழுவதும் திறந்துவைக்க விட்டது; வார விடுப்பு சுழற்சி முறைக்குப் போனது. இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களுடைய எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது அதே ஆணை. ஞாயிற்றுக்கு ஒப்புதல் தேவையில்லை. இரவில் காக்கப்பட வேண்டிய உடலாக அவளைப் பார்த்த அரசுக்கு, பகலில் அவளுக்கென்றும் நேரம் உண்டு என்று தோன்றவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு ஊரே ஒகேனக்கலுக்குப் போகிறது. கடையில் ஆடித் தள்ளுபடி. அவளுக்குக் கிடைப்பது வேறொரு புதன்கிழமை. அன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் அழுக்குத்துணி மூட்டை. ஒரு நாளுக்கு ஒரு நாள் என்று பதிவேட்டில் கணக்கு நேராகிவிடும். ஆண் ஊழியரும் ஞாயிற்றை இழக்கிறார். ஆனால் அவருடைய மாற்று விடுப்பில் அடுப்பு அவருக்காகக் காத்திருப்பதில்லை.

1890இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே கூட்டிய கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் பேசினார்கள். அவர்கள் கேட்டது வார விடுமுறை. அப்படிக் கேட்டு வாங்கிய நாளில் வேலை செய்ய இன்று அனுமதி ‘வழங்கப்படுகிறது’.

இரவுக்குக் கேட்கும் ஒப்புதலை ஞாயிற்றுக்கும் பண்டிகைக்கும் கேட்கட்டும். அந்தப் படிவத்தில் ‘விருப்பமில்லை’ என்றும் ஒரு கட்டம் இருக்கட்டும். அதில் குறியிட்டவளுக்கு மறுநாளும் வேலை இருக்க வேண்டும்.